பழைய ஹார்ட் டிஸ்க் மோட்டாரில் ஆய்வகக் கருவி: சுற்றவைப்பதும் சுற்றை அளப்பதும்

காயலான் கடையில் எடைக்குப் போடும் ஹார்ட் டிஸ்க், செத்துப்போன கம்ப்யூட்டரின் ஃபேன், கீழே விழுந்து இறக்கை முறிந்த டிரோன். இந்த மூன்றுக்குள்ளும் கார்பன் பிரஷ் இல்லாத நல்ல மோட்டார் இருக்கிறது. திரவத்துக்குள் ஒரு காந்தக் குச்சியைச் சுற்றவைக்கும் காந்தக் கலக்கி, கண்ணாடித் துண்டில் மெல்லிய படலம் பூசும் ஸ்பின் கோட்டர், குழாய்களை வேகமாகச் சுற்றிக் கலவையைப் பிரிக்கும் சின்ன சென்ட்ரிஃபியூஜ் மூன்றையும் இவற்றை வைத்தே கட்டிவிடலாம்.

மோட்டாரைச் சுற்றவைப்பது ஒரு மாலை நேர வேலை. அதோடு கருவி ஆகிவிடாது. இப்போது எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஓடுகிறது, சொன்ன வேகத்தில்தான் நிற்கிறதா என்று தெரியாதவரை அது வெறும் விசிறி. எனவே இங்கே மோட்டாரை ஓட்டும் டிரைவர் சர்க்யூட்டுக்குக் கொடுக்கும் இடத்தை வேக சென்சாருக்கும் கொடுத்திருக்கிறோம். சென்சாரைப் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைத்தால் அது ஒருபோதும் வராது.

எந்த மோட்டார் எதற்கு

4 கம்பி கம்ப்யூட்டர் ஃபேனில் டிரைவர், சுற்றைச் சொல்லும் வேக பல்ஸ் (மின் துடிப்பு) எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. கலக்கிக்கு அதைவிடச் சுலபமானது கிடையாது. 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் மோட்டார் ஆடாமல் அசையாமல் தட்டையாகச் சுற்றும். 5,400 அல்லது 7,200 ஆர்பிஎம்முக்கென்று செய்யப்பட்டது, ஸ்பின் கோட்டருக்குச் சரியான ஆள். டிரோனில் வரும் 2212 அளவு மோட்டாருக்கு வலுவும் வேகமும் அதிகம், அதனால் சென்ட்ரிஃபியூஜுக்கு அது. சிடி டிரைவ் மோட்டாரில் மூன்று ஹால் சென்சார் (காந்தத்தை உணரும் சென்சார்) உண்டு என்பது கவர்ச்சிதான். ஆனால் தட்டை ரிப்பன் கேபிளில் எந்தக் கோடு எது என்று கண்டுபிடிக்கும் நேரத்தில் ஹார்ட் டிஸ்க் வேலை முடிந்துவிடும். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) சீலிங் ஃபேனைத் தொடாதீர்கள். அதன் போர்டுக்குள் 230 வோல்ட் நேராக வருகிறது.

ஃபேனில் காந்தக் கலக்கி

கம்பிகளின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கனெக்டரின் வரிசை மாறாது: 1 கிரவுண்ட், 2 பன்னிரண்டு வோல்ட், 3 வேக பல்ஸ், 4 வேகக் கட்டுப்பாடு. நான்காவது பின் 25 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (ஆன்-ஆஃப் நேர விகிதத்தால் அளவைச் சொல்லும் சிக்னல்) எதிர்பார்க்கிறது. அர்டுயினோ ஊனோ மைக்ரோகன்ட்ரோலர் போர்டு சாதாரணமாகக் கொடுப்பது 490 ஹெர்ட்ஸ். அதில் சில ஃபேன் கீச்சிடும், சில ஃபேன் வேகத்தையே மாற்றாது. டைமர் 1-ஐ ஃபேஸ் கரெக்ட் முறையில் வைத்து, பிரீஸ்கேலர் (கடிகாரத்தை வகுக்கும் அமைப்பு) இல்லாமல், உச்ச எண்ணை 320 ஆக்குங்கள். ஊனோவின் கடிகாரத் துடிப்பு 1,60,00,000 ஐ, 320 ஏறி 320 இறங்கும் 640 ஆல் வகுத்தால் 25,000. வெளியீடு 9-ஆம் பின்னில் கிடைக்கும், 0 முதல் 320 வரை எண் கொடுக்கலாம்.

ஃபேனுக்குள் அந்தப் பின்னுக்கு ஏற்கனவே புல்-அப் (மேலே இழுத்துப்பிடிக்கும் ரெசிஸ்டர்) இருப்பதால், நடுவில் ஒரு பிசி547 டிரான்சிஸ்டரை வைத்துக் கீழே இழுப்பதே முறை. பேஸில் 1 கிலோ ஓம், எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் ஃபேனின் நான்காவது பின்னுக்கு. இப்படிச் செய்தால் கணக்கு தலைகீழாகும்: நீங்கள் 320 கொடுத்தால் ஃபேன் தன் மிகக் குறைந்த நிலைக்குப் போகும், 0 கொடுத்தால் முழு வேகத்தில் ஓடும். நான்காவது பின்னை எதிலும் இணைக்காமல் விட்டாலும் முழு வேகம்தான். கம்பி கழன்றால் கலக்கி திடீரென்று சீறுவது இதனால்தான்.

மூன்றாவது பின் ஓபன் கலெக்டர், அதாவது கிரவுண்டுக்கு இழுக்கும், தானாக மேலே ஏறாது. 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்து, ஊனோவின் 2-ஆம் பின்னுக்குக் கொடுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு பல்ஸ். இரண்டும் சம இடைவெளியில் வராது, உள்ளே இருக்கும் காந்தத்தின் துருவங்கள் அவ்வளவு துல்லியமாக இருப்பதில்லை. அதனால் ஒரு பல்ஸ் விட்டு ஒரு பல்ஸ், அதாவது முழுச் சுற்றின் நேரத்தையே அளக்க வேண்டும். 3 கம்பி ஃபேனை 12 வோல்ட் கம்பியிலேயே வெட்டி வெட்டிக் கொடுத்து ஓட்டினால் வேக பல்ஸும் சேர்ந்து வெட்டுப்படும், அளவு குப்பையாகும்.

காந்தம் ஒட்டுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 25 மி.மீ. கலக்கிக் குச்சிக்கு இரண்டு நியோடைமியம் வில்லைகளை, மையத்துக்கு மையம் 20 முதல் 25 மி.மீ. இடைவெளியில், ஒன்றின் வட துருவமும் மற்றதன் தென் துருவமும் மேலே பார்க்க ஒட்ட வேண்டும். நேராக ஃபேன் மையத்தில் ஒட்டினால் உள்ளிருக்கும் ஹால் சென்சார் குழம்பி, ஃபேன் துடித்துக்கொண்டே நிற்கும். காந்தத்துக்கு அடியில் ஒரு இரும்பு வாஷரும், அதற்கும் அடியில் 5 மி.மீ. பிளாஸ்டிக் துண்டும் வையுங்கள். வாஷர் காந்தப்புலத்தைக் கீழே போகவிடாமல் மடக்கி மேலே திருப்பும், பிடிமானமும் கூடும்.

இன்னொரு வழி இருக்கிறது. ஹார்ட் டிஸ்கின் கையை ஆட்டும் வளைந்த காந்தத்தின் ஒரே முகத்தில் வடக்கும் தெற்கும் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. அதை இரும்புத் தகட்டிலிருந்து பெயர்க்காமல் அப்படியே பயன்படுத்தலாம். பெயர்த்தால் பெரும்பாலும் உடையும். எடை ஒரு பக்கம் சாய்வதால் எதிர்ப்பக்கம் ஒரு நட்டை ஒட்டிச் சமப்படுத்த வேண்டும்.

மேல்தட்டுக்கு 3 மி.மீ. அக்ரிலிக் போதும். காந்தத்துக்கும் தட்டுக்கும் இடையே 3 மி.மீ. இடைவெளி. அலுமினியத் தட்டு வைத்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகிக் காந்தத்தைப் பின்னுக்கு இழுக்கும். ஃபேனை முதல் ஒரு நொடி 50 சதவீதத்தில் உதைத்துக் கிளப்பி, உடனே குறைத்து, பிறகு மெதுவாக ஏற்றுங்கள். குச்சி துள்ளி ஓரத்துக்குப் போய்த் தட்டத் தொடங்கினால் வேகத்தைக் கூட்டிப் பயன் இல்லை. நிறுத்தி மறுபடி கீழிருந்துதான் வர வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்: கழற்றுமுன் ஒரு சோதனை

மூடியில் டார்க்ஸ் டி8 திருகுகள், உள்ளே டி6 திருகுகள் இருப்பது வழக்கம். ஒரு திருகு பெயர்ச்சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். மூடியைத் திறந்ததும் எதையும் கழற்றாமல் பவர் கொடுத்து, தட்டு எந்தத் திசையில் சுற்றுகிறது என்று பார்த்து, மார்க்கரால் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். இப்போதைய டிரைவ்களில் பால் பேரிங் கிடையாது, எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பேரிங். அதன் உள்சுவரில் உள்ள மீன்முள் வடிவக் கீறல்கள் ஒரு திசைச் சுற்றுக்கென்றே வெட்டப்பட்டவை. எதிர்த் திசையில் ஓட்டினால் எண்ணெய் வெளியே தள்ளப்பட்டு பேரிங் போய்விடும்.

டிரைவின் சொந்த போர்டையே வைத்து ஓட்டலாமே என்று தோன்றும். அதற்குத் தெரிந்தது ஒரே வேகம். தலைப்பகுதியைக் கழற்றிவிட்டால் சில நொடிகளில் தானாக நின்றும்விடும்.

மோட்டாரை வார்ப்பு உடலிலிருந்து பிரிக்க வேண்டாம். அந்த உடலே உங்களுக்கு அடித்தளம், திருகு ஓட்டைகளும் தயாராக இருக்கின்றன. 3.5 அங்குல டிரைவின் பக்க ஓட்டைகள் 6-32 அங்குலத் திருகுக்கானவை, நம்மூர் எம்3 திருகு அதில் லொடலொடக்கும். அறுத்தே ஆக வேண்டும் என்றால் மோட்டார் முழுவதையும் டேப்பால் சுற்றி மூடிவிட்டு அறுங்கள். ஒரு அலுமினியத் துகள் பேரிங்குக்குள் போனாலும் முடிந்தது. சுற்றும் பகுதியில் டிரில் போடவே கூடாது.

2.5 அங்குல லேப்டாப் டிரைவின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. வளைத்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும். துணி சுற்றாமல் தொடாதீர்கள்.

முனைகளும் துருவ ஜோடியும்

மோட்டாருக்கு அடியில் மூன்று அல்லது நான்கு முனைகள் தெரியும். நான்கு இருந்தால் ஒன்று, மூன்று சுருளும் சேரும் நட்சத்திர இணைப்பின் பொது முனை. மல்டிமீட்டரைக் குறைந்த ஓம் அளவில் வைத்து, முதலில் புரோப் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு எல்லா அளவிலும் அதைக் கழிக்க வேண்டும். எந்த முனையிலிருந்து மற்ற மூன்றுக்கும் பாதி அளவு வருகிறதோ அதுதான் பொது முனை. உதாரணமாக ஒரு ஜோடியில் 1.2 ஓம், இன்னொன்றில் 2.4 ஓம் என்றால், 1.2 காட்டிய எல்லா ஜோடியிலும் இருப்பது அது. அதை இணைக்காமல் விட்டுவிடலாம். மற்ற மூன்றில் மெல்லிய கம்பியைப் பற்றவையுங்கள். பற்றவைக்கும் இரும்பு 350 டிகிரி, ஒரு முனைக்கு 3 நொடிக்கு மேல் வேண்டாம். முனை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம் உருகினால் செம்புத் தடம் உரிந்து வந்துவிடும்.

அடுத்தது துருவ ஜோடி, அதாவது சுற்றும் காந்தத்தில் எத்தனை வட-தென் ஜோடி என்பது. இது தெரியாமல் வேகக் கணக்கு போட முடியாது. ஏதாவது இரண்டு முனைகளில் ஒரு ஏஏ செல்லை இணையுங்கள், 2.4 ஓமில் 0.6 ஆம்ப் போகும். இப்போது தட்டைக் கையால் மெதுவாகச் சுற்றினால் சில இடங்களில் பிடித்து நிற்கும். முழுச் சுற்றில் எத்தனை இடத்தில் பிடிக்கிறதோ அத்தனை துருவ ஜோடி. 4 அல்லது 6 வருவது சகஜம். செல் சூடேறும், பத்து நொடியில் எடுத்துவிடுங்கள்.

சிங்க்ரனஸ் ஓட்டம்

பிரஷ்லெஸ் மோட்டார் என்றால் மோட்டார் சுற்றும்போது தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தத்தை அளந்து, பூஜ்ஜியம் கடக்கும் இடத்தைப் பிடித்து, 30 டிகிரி கழித்து அடுத்த சுருளுக்கு மாற வேண்டும் என்றுதான் பாடம் தொடங்கும். டிரோனுக்கு அது சரி. ஸ்பின் கோட்டருக்குச் சுமையே கிடையாது, ஒரு கண்ணாடித் துண்டும் சில சொட்டுத் திரவமும்தான். இங்கே நமக்கு வேண்டியது துல்லிய வேகம். 1,500 ஆர்பிஎம் வரைக்கும் மூன்று கம்பிகளிலும் 120 டிகிரி இடைவெளியில் சைன் அலை கொடுத்து, மோட்டாரை அலையின் பின்னால் இழுத்துச் செல்வதே எங்கள் பரிந்துரை. அலை தவறாதவரை வேகம் மைக்ரோகன்ட்ரோலரின் கடிகாரத்தோடு பூட்டப்பட்டிருக்கும். கட்டுப்பாட்டு வளையம் எதுவும் தேவையில்லை.

டிரைவருக்கு டிஆர்வி8313 சிப் உள்ள சின்ன போர்டு நன்றாகப் பொருந்தும். மூன்று அரைப் பாலம் (ஒரு கம்பியை பவருக்கோ கிரவுண்டுக்கோ மாற்றும் ஸ்விட்ச் ஜோடி) உள்ளே இருக்கிறது, 8 வோல்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும், உச்சம் 2.5 ஆம்ப். மூன்று எனேபிள் பின்கள், ஸ்லீப், ரீசெட் எல்லாம் 5 வோல்ட்டில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். மோட்டார் முனகக்கூட இல்லை என்றால் பத்தில் எட்டு முறை இதுதான் காரணம். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ எளிதாகக் கிடைக்கும் எல்298என் போர்டில் அரைப் பாலம் நான்கு உண்டு, மூன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது 2 வோல்ட்டுக்கு மேல் தானே விழுங்கிச் சூடாகும். முதல் முயற்சிக்கு அது பரவாயில்லை.

பவருக்குப் பழைய கம்ப்யூட்டரின் ஏடிஎக்ஸ் சப்ளையின் 12 வோல்ட் மஞ்சள் கம்பி போதும். பச்சைக் கம்பியைக் கறுப்போடு சேர்த்தால் அது ஆன் ஆகும். நடுவில் 3 ஆம்ப் ஃபியூஸ் போடுங்கள். இந்த சப்ளை ஷார்ட் ஆனால் கம்பியை உருக்கும் அளவுக்கு ஆம்ப் தரும். டிரைவர் போர்டின் பவர் முனையிலேயே 1,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும், அதை வாங்கிக்கொள்ள இடம் வேண்டும். அர்டுயினோ கிரவுண்டும் டிரைவர் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும்.

ஊனோவில் 9, 10, 11 ஆகிய பின்களைப் பயன்படுத்துங்கள். முதல் இரண்டும் டைமர் 1, மூன்றாவது டைமர் 2. இரண்டையும் 8 பிட் ஃபேஸ் கரெக்ட் முறையில், பிரீஸ்கேலர் இல்லாமல் வைத்தால் 31,372 ஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் வரும். காதுக்குக் கேட்காது. டைமர் 0-ஐத் தொடவில்லை என்பதால் நேர அளவுக் கட்டளைகள் வழக்கம்போல வேலை செய்யும்.

நிரலின் உள்ளம் இதுதான். டைமர் 2 நிரம்பும் ஒவ்வொரு முறையும் ஒரு இன்டரப்ட் (நடக்கும் வேலையை நிறுத்தி உடனே ஓடும் சின்ன நிரல்). அதில் 32 பிட் எண் ஒன்றோடு ஒரு படியைக் கூட்டுங்கள். அந்த எண்ணின் மேல் 8 பிட்தான் 256 இட சைன் அட்டவணையில் நாம் நிற்கும் இடம். முதல் பின்னுக்கு அந்த இடத்து மதிப்பு, இரண்டாவதற்கு 85 தள்ளி, மூன்றாவதற்கு 170 தள்ளி. படியின் அளவு: ஆர்பிஎம் பெருக்கல் துருவ ஜோடி, வகுத்தல் 60, பெருக்கல் 1,36,902. நான்கு ஜோடி மோட்டாரை 1,500 ஆர்பிஎம்மில் ஓட்ட 100 ஹெர்ட்ஸ் வேண்டும், படி 1,36,90,208. 1,36,902 என்பது 2-இன் 32-ஆம் அடுக்கான 4,29,49,67,296 ஐ 31,372.55 ஆல் வகுத்த விடை.

ஒரு இன்டரப்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 510 கடிகாரத் துடிப்புதான் இருக்கிறது. சைனை அங்கேயே கணக்கிடுவது, தசம எண் பெருக்கல், சீரியலில் எழுதுவது எதையும் அதற்குள் வைக்காதீர்கள். அட்டவணையை முன்பே நிரப்பிவைத்து, 8 பிட் பெருக்கலோடு முடித்துக்கொள்ள வேண்டும். 32 பிட் படியை இன்டரப்டுக்கு வெளியே மாற்றும்போது இன்டரப்டை ஒரு கணம் அணைத்துவிட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் பாதி பழைய எண், பாதி புது எண் என்று சேர்ந்து மோட்டார் எப்போதாவது ஒரு முறை "டக்" என்று உதைக்கும். காரணம் தெரியாமல் நாள்கணக்கில் அலையவைக்கும் பிழை இது.

அலையின் உயரம் முக்கியம். நடுமதிப்பு 128, அதிலிருந்து மேலும் கீழும் 25 அளவில் தொடங்குங்கள். 12 வோல்ட்டில் இது இரண்டு முனைகளுக்கிடையே ஏறக்குறைய 2 வோல்ட் உச்சம், 2.4 ஓம் சுருளில் 0.9 ஆம்ப் போகும். முழு உயரமும் கொடுத்தால் நிற்கும் மோட்டாரில் 4 ஆம்ப்புக்கு மேல் பாயும். வேகம் கூடக்கூட மோட்டாரின் எதிர் மின்னழுத்தமும் கூடும் என்பதால் ஒவ்வொரு 100 ஆர்பிஎம்முக்கும் உயரத்தில் 2 கூட்டுங்கள். இந்த எண் மோட்டாருக்கு மோட்டார் மாறும். வேகத்தில் நழுவினால் கூட்டுங்கள், கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் குறையுங்கள்.

ஏற்றம் நொடிக்கு 100 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே கனமான தட்டு இருந்தால் 50. அவசரப்பட்டால் அலை முன்னே ஓடிவிடும், மோட்டார் நின்ற இடத்திலேயே உறுமும். திசை தப்பாக இருந்தால் மூன்றில் ஏதாவது இரண்டு கம்பிகளை மாற்றினால் போதும்.

வேகத்தை அளப்பது

அலை தவறாதவரை வேகம் சரி என்றோம். தவறியதா என்று யார் சொல்வது? டிசிஆர்டி5000 என்ற எதிரொளிப்பு சென்சார். சுற்றும் விளிம்பை மங்கல் கறுப்பாக்கி ஒரே ஒரு வெள்ளைக் கோடு ஒட்டுங்கள், சென்சாரை 2 முதல் 3 மி.மீ. தூரத்தில் வையுங்கள். சாதாரண மார்க்கர் கறுப்பு அகச்சிவப்பில் பளபளக்கலாம், காகிதம் ஒட்டுவது நம்பகமானது. எல்இடிக்கு 220 ஓம், கலெக்டருக்கு 10 கிலோ ஓம். வெளிவரும் அலை மொழுக்கென்று இருக்கும், அதை நேராக இன்டரப்டுக்குக் கொடுத்தால் ஒரு கோட்டுக்கு இரண்டு மூன்று பல்ஸ் எண்ணும். நடுவில் 74எச்சி14 ஷ்மிட் இன்வெர்டர் ஒன்று போட்டால் விளிம்பு கூர்மையாகும். எல்எம்393 உள்ள தயார் மாட்யூலும் ஆகும்.

ஒரு நொடிக்கு எத்தனை பல்ஸ் என்று எண்ணாதீர்கள். ஒரு கோடு மட்டும் இருக்கும்போது ஒரு பல்ஸ் கூடக்குறைய எண்ணினாலே 60 ஆர்பிஎம் பிழை. அடுத்தடுத்த இரண்டு பல்ஸுக்கு இடையிலான நேரத்தை அளங்கள். 4,000 ஆர்பிஎம்மில் அது 15,000 மைக்ரோநொடி. ஊனோவின் நேர அளவு 4 மைக்ரோநொடிப் படியில் நகர்வதால் பிழை ஒரு ஆர்பிஎம் அளவுதான். அதைவிடப் பெரிய பிழை கடிகாரத்திலிருந்தே வரலாம்: ஊனோ ஆர்3 போர்டில் முதன்மை சிப்புக்கு இருப்பது செராமிக் ரெசனேட்டர், அரை சதவீதம் வரை விலகலாம். குவார்ட்ஸ் கிரிஸ்டல் உள்ள போர்டு அந்தக் கவலையை நீக்கும்.

அளந்த வேகம் கேட்ட வேகத்திலிருந்து தொடர்ந்து மூன்று சுற்றுக்கு 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் அலை நழுவிவிட்டது. எனேபிளை அணைத்து, தட்டு நிற்கும்வரை காத்திருந்து, மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். ஓடும்போதே பிடித்துவிடலாம் என்று முயன்று பயனில்லை.

சென்சார் கம்பியையும் மோட்டார் கம்பியையும் ஒன்றாகக் கட்டி அழகுபார்க்காதீர்கள். 31 கிலோஹெர்ட்ஸ் வெட்டு சென்சார் கம்பியில் ஏறி, மோட்டார் நிற்கும்போதே 9,000 ஆர்பிஎம் காட்டும். தனி வழி, முறுக்கிய கம்பி, சென்சார் பவரில் 100 நானோஃபாரட்.

தட்டும் தொட்டியும்

அசல் அலுமினியத் தட்டு, அதன் கிளாம்ப் இரண்டையும் விட்டுவைத்து, அதன்மேல் 3 மி.மீ. அக்ரிலிக்கில் 25.5 மி.மீ. சதுரப் பள்ளம் வெட்டி ஒட்டினால் 25 மி.மீ. கண்ணாடித் துண்டு அடங்கும். பள்ளத்தின் மையம் அரை மி.மீ. தள்ளினாலும் 1,000 ஆர்பிஎம்முக்கு மேல் மேசை அதிரும். அசிட்டோன் பயன்படுத்துவதாக இருந்தால் அக்ரிலிக் கரையும், அலுமினியத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். 95 மி.மீ. தட்டு குடை மாதிரி பேரிங்கை மூடியிருப்பது நல்லது. சிறிய தட்டு வைத்தால் திரவம் ஓரம் வழியாக இறங்கி பேரிங் எண்ணெயைக் கழுவிவிடும். சுற்றிலும் உயரமான எவர்சில்வர் பாத்திரம் ஒன்று சிதறலைத் தாங்கும். எரியும் கரைப்பான் என்றால் டிரைவர், ஸ்விட்ச் எல்லாம் பாத்திரத்துக்கு வெளியே, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

வழக்கமான ஓட்டம்: 500 ஆர்பிஎம்மில் 5 முதல் 10 நொடி பரவவிட்டு, பிறகு 1,000 முதல் 4,000 க்குள் 30 முதல் 60 நொடி. படலத்தின் தடிமன் ஏறக்குறைய வேகத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் போகும். வேகம் 10 சதவீதம் தப்பினால் தடிமன் 5 சதவீதம் தப்பும். வேகத்தை நான்கு மடங்காக்கினால்தான் தடிமன் பாதியாகும்.

1,500-க்கு மேல்

இதற்கு மேல் சைன் இழுப்பு ஊசலாடத் தொடங்கும். தட்டு அலைக்கு முன்னும் பின்னும் ஆடி ஒரு கட்டத்தில் நழுவும். இங்கே டிரோன் இஎஸ்சிக்கு (டிரோன் மோட்டாரை ஓட்டும் வேகக் கட்டுப்பாட்டு போர்டு) மாறிவிடுங்கள். 30 ஆம்ப் இஎஸ்சி ஹார்ட் டிஸ்க் மோட்டாரையும் பெரும்பாலும் ஓட்டும். ஆனால் சில நூறு ஆர்பிஎம்முக்குக் கீழே நிதானமாக ஓட்டாது, சுருளைக் காப்பாற்றும் மின்னோட்ட வரம்பும் அதற்குக் கிடையாது. அந்த 3 ஆம்ப் ஃபியூஸ் இங்கேயும் வேண்டும்.

இஎஸ்சிக்கு நொடிக்கு 50 முறை, 1,000 முதல் 2,000 மைக்ரோநொடி அகல பல்ஸ் கொடுக்க வேண்டும். பவர் வந்ததும் 1,000-ஐ மூன்று நொடி பிடித்தால்தான் அது தயாராகும், மோட்டாரையே ஸ்பீக்கராக்கி பீப் போடும். பீப் நிற்காமல் வந்தால் சிக்னல் இல்லை அல்லது 1,000-க்கு மேல் இருக்கிறது. சர்வோ லைப்ரரி டைமர் 1-ஐப் பிடித்துக்கொள்வதால் 9, 10 பின்களின் பிடபிள்யூஎம் செத்துவிடும், ஒரே போர்டில் இரண்டு முறையையும் கலக்க முடியாது. இஎஸ்சியின் சிவப்புக் கம்பியில் 5 வோல்ட் வெளியே வரும், யுஎஸ்பி போட்டிருக்கும்போது அதை இணைக்காதீர்கள். ஓட்டத்தின் நடுவே காரணமில்லாமல் நின்றால், குறை மின்னழுத்தப் பாதுகாப்பு உங்கள் சப்ளையை லித்தியம் பேட்டரி என்று நினைத்து அணைக்கிறது. இஎஸ்சி அமைப்பில் பேட்டரி வகையை நிக்கல் என்று மாற்றிவிடுங்கள்.

இஎஸ்சியிடம் வேகத்தைக் கேட்க முடியாது, பலத்தைத்தான் கேட்கலாம். வேகத்தைப் பிடித்துவைக்க சென்சாரோடு ஒரு பிஐ வளையம் (பிழையையும் பிழையின் கூட்டுத்தொகையையும் வைத்துத் திருத்தும் கணக்கு) வேண்டும். 2212 அளவு, 920 கேவி (ஒரு வோல்ட்டுக்கு 920 ஆர்பிஎம்) மோட்டார் 12 வோல்ட்டில் சுமையில்லாமல் ஏறக்குறைய 11,000 ஆர்பிஎம் போகும், அதாவது பல்ஸ் அகலத்தில் ஒரு மைக்ரோநொடிக்குச் சுமார் 11 ஆர்பிஎம். 100 மில்லிநொடிக்கு ஒருமுறை கணக்கிட்டு, ஒரு ஆர்பிஎம் பிழைக்கு 0.03 மைக்ரோநொடி, பிழையின் கூட்டுத்தொகைக்கு நொடிக்கு 0.05 என்று தொடங்குங்கள். வேகம் மேலும் கீழும் அலைந்தால் இரண்டாவது எண்ணைப் பாதியாக்குங்கள்.

இந்த வளையத்தில் ஒரு கொலைகாரப் பிழை ஒளிந்திருக்கிறது. சென்சார் கம்பி கழன்றால் அளந்த வேகம் பூஜ்ஜியம் என்று வரும். வளையம் "வேகம் போதவில்லை" என்று எண்ணி முழு பலத்தையும் கொடுக்கும். ஆகவே பல்ஸ் அரை நொடி வரவில்லை என்றால் 1,000-க்கு இறக்கிப் பூட்டிவிட வேண்டும். கணக்கில் என்ன வந்தாலும் ஒரு எல்லைக்கு மேல், உதாரணமாக 1,550-க்கு மேல், போகாதபடி தனியாக ஒரு தடையும் வேண்டும்.

சென்ட்ரிஃபியூஜ்

ஈர்ப்பு மடங்குக் கணக்கு: 0.00001118 பெருக்கல் ஆரம் சென்டிமீட்டரில், பெருக்கல் ஆர்பிஎம்மின் வர்க்கம். 5 செ.மீ. ஆரம், 5,000 ஆர்பிஎம் என்றால் ஏறக்குறைய 1,400 மடங்கு. 1.5 மில்லி குழாய் தண்ணீரோடு சேர்த்து 2.5 கிராம்தான். அந்த வேகத்தில் அது 3.5 கிலோவாகச் சுவரைத் தள்ளும். 10,000-க்கு ஏற்றினால் 14 கிலோ. வேகத்தை இரட்டிப்பாக்கினால் விசை நான்கு மடங்கு என்பதை ரோட்டர் (குழாய்களைத் தாங்கிச் சுற்றும் பகுதி) செய்யும்போதே நினைவில் வையுங்கள்.

3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சடித்த ரோட்டர் வேண்டாம். 60 டிகிரியை ஒட்டி இளகும், மோட்டாரின் சூடு நேராக அதன் மையத்துக்கே வருகிறது. சுமையில் நாள்பட மெல்ல மெல்ல நெகிழவும் செய்யும். அலுமினியத்தில் கடைசல் போட்டுக்கொள்ளுங்கள். எதிரெதிர் குழாய்கள் 0.1 கிராமுக்குள் சமமாக இருக்க வேண்டும். சுற்றிலும் 3 மி.மீ. இரும்புக் குழாய் வளையம், மேலே திருகிப் பூட்டும் மூடி. பழைய மைக்ரோவேவ் அடுப்பின் கதவு ஸ்விட்சை இஎஸ்சியின் பவர் பாதையில் வையுங்கள், நிரலை நம்பி சிக்னல் பாதையில் வேண்டாம். ஆனால் பவர் போனதும் ரோட்டர் நிற்காது, சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதனால் ஸ்விட்ச் மட்டும் போதாது, ஓடும்போது கையால் திறக்கவே முடியாத பூட்டும் வேண்டும்.

முதல் ஓட்டம் காலி ரோட்டரோடு, 1,000 ஆர்பிஎம்மில், ஆள் வேறு அறையில். அதிர்வு இல்லை என்றால் 500 500 ஆக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறை நிறுத்தியதும் மையத் திருகை இறுக்கிப் பாருங்கள். திருகின் மரை சுற்றும் திசைக்கு எதிராக இருந்தால் ஓட்டத்திலேயே அது தளரும்.

மூடியைத் திறக்க பல்ஸ் நின்றதை மட்டும் நம்ப முடியாது. பல்ஸ் வரவில்லை என்றால் ரோட்டர் நின்றிருக்கலாம், சென்சார் கம்பி பிடுங்கிக்கொண்டு உள்ளே 4,000-த்தில் ஓடிக்கொண்டும் இருக்கலாம். கடைசி பல்ஸுக்குப் பிறகு 60 நொடி பூட்டைப் பிடித்துவைக்க நிரலில் எழுதுங்கள். மூடியில் விரல் அகலத்துக்கு ஒரு பாலிகார்பனேட் ஜன்னல் விட்டு, ரோட்டரின் வெள்ளைக் கோடு அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு திறக்கலாம்.